கடன் தீர வழி

 

மதீனா நகரில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்படுகிறது. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தொழவைக்க வேண்டுமென்று ஸஹாபாப் பெருமக்கள் காத்து நிற்கிறார்கள். இவர்மீது கடன் ஏதேனும் உண்டா என்று பெருமானார் கேட்கிறார்கள். மூன்று தீனார் உண்டு என்கிறார்கள். ஏதாவது விட்டுச் சென்றிருக்கிறாரா என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. அப்படியானால் உங்கள் தோழருக்கு நீங்களே தொழுகை நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி விலகிக்கொண்டார்கள். அபூகதாதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் முன்வந்து, யா ரசூலல்லாஹ், அந்தக் கடன் என் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் ஜனாஸாத் தொழுகை நடந்தது. இது புகாரி ஷரீபில் உள்ள செய்தி.

மூன்று தீனார் என்பது இன்றைய நிறுவையில் ஒன்றரைப் பவுனுக்குச் சற்று மேல். பெருங்கொள்ளைக்காரர் ஒருவருடைய கதையல்ல இது. அண்ணலாரின் பின்னே நின்று தொழுத ஒருவருடைய கதை. இதே போன்ற மற்றோர் அறிவிப்பில் இன்னும் ஒரு விவரம் வருகிறது. பொறுப்பேற்ற அபூகதாதாவை மறுநாள் சந்தித்தபோது, அந்தக் கடன் என்னவாயிற்று என்று நபியவர்கள் விசாரிக்கிறார்கள். நேற்றுத்தானே மவுத்தானார் என்கிறார் அவர். அடுத்த நாளும் விசாரிக்கிறார்கள். கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகே, இப்போதுதான் அவருடைய உடல் குளிர்ந்தது என்ற பொருளில் அருளினார்கள். பொறுப்பேற்றதோடு முடியவில்லை, காசு உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது. பிற்காலத்தில் பைத்துல்மாலில் பொருள் சேர்ந்தபோது, கடனோடு மவுத்தாகிறவரின் கடனைத் தாமே தீர்ப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அதற்குப் பிறகுங்கூடக் கடன் லேசான காரியமாகிவிடவில்லை. ஷஹீதுக்கு எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படும், கடன் நீங்கலாக என்று முஸ்லிம் ஷரீபில் வந்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் வாழும் இந்த வட்டாரத்தில் கடன் என்பது வெட்கப்படும் விஷயமாக இல்லாமல், வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், அந்தப் பக்கம் வல்லம் வடகால், மாத்தூர், ஒரகடம் வரையிலும் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. கார், பஸ், டயர், கண்ணாடி, கைப்பேசி என்று உலகத்துக்கே சாமான் செய்து அனுப்புகிறார்கள். தெற்குச் சீமையிலிருந்தும், வடாற்காட்டுப் பக்கத்திலிருந்தும், பீகார், வங்காளம், ஒடிசாவிலிருந்தும் நம் பிள்ளைகள் வேலைக்கு வந்து குடியேறியிருக்கிறார்கள். சம்பளம் 7ஆம் தேதி வருகிறது. 10ஆம் தேதி பார்த்தால் கையில் ஒன்றுமில்லை. பைக் தவணை, கைப்பேசித் தவணை, குழுக்கடன், நகைக்கடன், மளிகைக்கடைப் பாக்கி எல்லாம் சேர்ந்து விழுங்கிவிடுகின்றன. மாதக் கடைசியில் ஒரு கைமாற்று. அதை அடைக்க இன்னொரு கைமாற்று.

கடன் மனிதனை என்ன செய்யும் என்பதையும் நம் நபி (ஸல்) அவர்கள் சொல்லாமல் விடவில்லை. தொழுகையிலேயே பாவத்தைவிட்டும் கடனைவிட்டும் அல்லாஹ்விடம் காவல் தேடுவார்கள். கடனைவிட்டு இவ்வளவு அதிகமாகக் காவல் தேடுகிறீர்களே என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மாறுகிறான் என்று விளக்கம் தந்ததாக அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அறிவிக்கிறார்கள். எத்துணை உண்மை! வீட்டுக்குள் இருந்துகொண்டே, "வாப்பா இல்லைன்னு சொல்லு" என்று குழந்தையை வாசலுக்கு அனுப்புகிறவர் ஐந்து வேளை தொழுகிறவராகவும் இருக்கிறார். அந்தக் குழந்தை பொய்யை எங்கே கற்றது? மதரஸாவிலா?

ஜும்ஆ முடிந்ததும் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், வட்டி வாங்கினால்தானே ஹராம்? நான் கொடுக்கத்தானே செய்கிறேன்?" என்று கேட்டார். கேள்வியில் குறும்பு இல்லை, உண்மையிலேயே அப்படி நம்பியிருந்தார். வட்டி உண்பவன், அதைக் கொடுப்பவன், அதை எழுதுபவன், அதற்குச் சாட்சி நிற்பவர்கள் எல்லாருமே சாபத்துக்குரியவர்கள் என்று முஸ்லிம் ஷரீபில் வருகிறது. ஏற்கெனவே சிக்கியவர் என்ன செய்வது? தவ்பா செய்ய வேண்டும், புதிய வட்டிக்கடன் வாங்குவதை அன்றோடு நிறுத்த வேண்டும், பழையதிலிருந்து வெளியே வரத் திட்டம் போட வேண்டும். திட்டமில்லாத தவ்பா அடுத்த 7ஆம் தேதி வரைக்குந்தான் நிற்கும்.

எழுதச் சொன்ன ஆயத்து

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா சூராவின் 282ஆம் ஆயத்து கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் பேசிக்கொண்டால் எழுதிக்கொள்ளுமாறு அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான். சிறியதோ பெரியதோ, எழுதச் சடைந்துகொள்ள வேண்டாம் என்கிறான். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவரல்ல, கடன்பட்டவரே என்றும், அதில் எதையும் குறைத்துவிடக் கூடாதென்றும் ஆணையிடுகிறான். கடன்பட்டவருடைய வாயிலிருந்தே தொகை வெளிவர வேண்டும்!

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேட்டால், "கொஞ்சம் இருக்கு" என்பார்கள். கணவர் வாங்கிய ஆப் கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி கையெழுத்திட்ட குழுக்கடன் கணவருக்குத் தெரியாது. ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, கணவனும் மனைவியும் உட்கார்ந்து, யாருக்கு, எவ்வளவு, என்று தர வேண்டும், வட்டி உண்டா என்று எழுதுவது. அன்று வீட்டில் சண்டை வரலாம். வரட்டும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவருக்கு ஓவர்டைம் சேர்க்காமல் கைக்கு வருவது 18,500 ரூபாய். மனைவி தையலில் ஈட்டுவது 3,500. ஆக 22,000. வாடகையும் கரண்டும் 5,500. மளிகை, அரிசி 5,000. பால் 1,200. கேஸ் 900. பள்ளிக்கூட வேன் 1,500. பெட்ரோல் 1,500. இரண்டு கைப்பேசி ரீசார்ஜ் 600. மருந்து 500. டீக்கடை, பரோட்டா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி 2,400. செலவு மட்டும் 19,100 ஆகிறது. கடன் பக்கம் பாருங்கள். அடகுக்கடையில் 60,000 ரூபாய்க்கு இரண்டு பைசா வட்டி, மாதம் 1,200. குழுக்கடனில் இன்னும் 30,000 பாக்கி, வாரம் 700 வீதம் மாதம் 2,800. கைப்பேசித் தவணை 1,600, இன்னும் எட்டு மாதம். மளிகைக்கடைப் பாக்கி 4,000. மச்சானிடம் வாங்கிய கைமாற்று 25,000. மாதாமாதம் கட்டுவது மட்டும் 5,600. ஆக 22,000 வருகிற வீட்டில் 24,700 போகிறது. துண்டு 2,700. ஓவர்டைம் கிடைத்த மாதம் சமாளிக்கிறார்கள், கிடைக்காத மாதம் புதுக்கடன். இந்த வீட்டில் யாரும் குடிகாரரில்லை, சூதாடியில்லை. கண்ணுக்குத் தெரியாமல்தான் மூழ்குகிறார்கள்.

இதை மாற்ற முடியுமா? பெட்ரோல் 1,500 போவது கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு பைக்கில் போவதால். பஸ் ஏறினால் 500 போதும். வெளித்தீனி 2,400ஐ 900 ஆக்கலாம். பிரியாணியை ஹராமாக்கச் சொல்லவில்லை, மாதம் ஒரு முறை வீட்டிலேயே செய்தால் அக்கம்பக்கத்துக்கும் ஒரு கிண்ணம் போகும். மளிகையைக் கடன் நோட்டில் வாங்காமல் பட்டியல் போட்டு ரொக்கத்துக்கு வாங்கினால் 500 மிஞ்சும். ரீசார்ஜில் 200. மொத்தம் 3,200. துண்டு மறைந்து மாதம் 500 மீதமாகிறது. இந்த 500ஐக் கொண்டு எட்டு மாதத்தில் மளிகைப் பாக்கி தீர்கிறது. அதே எட்டு மாதத்தில் கைப்பேசித் தவணையும் முடிய, 1,600 கைக்கு வருகிறது. மூன்று மாதம் கழித்துக் குழுக்கடன் முடிய, 2,800 வருகிறது. அதன்பின் மாதம் 4,900 ரூபாய் மச்சானுக்கும் நகைக்கும் போகும். ஐப்பசியில் வரும் போனஸ் 15,000 என்று கொண்டு, அதில் 12,000ஐ நகைக்கடனின் அசலில் கட்டினால், இரண்டு ஆண்டு முடியுமுன் அந்த வீட்டில் ஒரு பைசாக் கடன் இருக்காது. ஒரு தவணை முடிந்ததும் அந்தப் பணத்தை அடுத்த கடனுக்குத் திருப்ப வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தவணை முடிந்த சந்தோஷத்தில் புதுக் கைப்பேசி எடுத்தால் கணக்குக் கெட்டது.

போனஸில் மீதி 3,000ஐ எதற்கு ஒதுக்கினேன் என்று கேட்பீர்கள். பெருநாளுக்கு. தொழிற்சாலை போனஸ் தீபாவளியை ஒட்டி வருகிறது. நமது பெருநாளோ ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. போனஸ் வந்தபோது கலர் டிவி, பெருநாள் வந்தபோது கடன் என்று எத்தனையோ வீடுகள் மாட்டிக்கொள்வது இதனால்தான். பெருநாள் எப்போது என்று ஓராண்டுக்கு முன்பே ஏறத்தாழத் தெரியும். திடீரென்று வருவது மவுத்து ஒன்றுதான்.

ஓவர்டைமை வருமானத்தில் சேர்க்காததற்கும் காரணமுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்த காலம் உண்டு. இளம்பெண்களும் வாலிபர்களும் அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன், தங்கை திருமணக் கடன் எல்லாம் வாங்கினார்கள். வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட, கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டுக்கு விற்கப்பட்டபோது இந்தத் தொழிற்சாலை மட்டும் ஒப்படைக்கப்படாமல் நின்றது. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றுவிட்டது. பக்கத்து மறைமலைநகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. 2024இல் சாம்சங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்று நாம் வாயால் சொல்கிறோம். ஆனால் 60 மாதத் தவணைக்குக் கையெழுத்திடும்போது அந்தக் கம்பெனி 60 மாதமும் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறோமே, அது எந்த வகைத் தவக்குல்? கடனைக் கழிக்கும்போதே மாதம் 200, 300 என்று ஒரு மாதச் செலவு சேரும்வரை தனியே எடுத்து வைப்பது நல்லது. ஓவர்டைம் வரும் மாதங்கள் அதற்கு உதவும்.

யாருக்கு முதலில்?

பலர் செய்யும் தவறு என்னவென்றால், சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பதும், மென்மையாக இருப்பவரைக் காக்க வைப்பதும். தண்டல்காரர் வாசலில் நின்றால் ஓடிக் கொடுக்கிறோம். வட்டியில்லாமல் கொடுத்த மச்சான் முகம் பார்த்துக் கேட்க வெட்கப்படுகிறார், அவர் மூன்று வருடம் காத்திருக்கிறார். தண்டலை முதலில் ஒழிக்க வேண்டும் என்பது சரியே. 10,000 என்று எழுதி 8,500ஐக் கையில் கொடுத்து, நாள் நூறு வீதம் 100 நாள் வாங்கினால், ஆண்டுக்கணக்கில் அந்த வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் இவற்றை நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. கடன் வசூலில் மிரட்டல், வற்புறுத்தல் கூடாதென்று 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. ஆகவே வீட்டு வாசலில் வந்து பெண்களை இழிவாகப் பேசினால் பயந்து ஒளிய வேண்டாம். ஜமாஅத்துப் பெரியவர் இருவரைச் சேர்த்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகலாம். குழுக்கடன் நிறுவனங்களுக்கும் வரம்பு உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் விதித்திருக்கிறது. பாதி என்பதே என் பார்வையில் அதிகம். மீதிப் பாதியில் வாடகை கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பால் வாங்க முடியுமா?

ஆனால் மச்சானை மறக்கக் கூடாது. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது ஹதீது. வசதி இல்லாதபோது நேரில் போய், "மச்சான், இந்த வருஷம் முடிய மாசம் 500தான் முடியும், அதுக்கப்புறம் கூட்டித் தாறேன்" என்று சொல்லி அதைச் சரியாகக் கொடுத்தால் உறவும் நிற்கும், வாக்கும் நிற்கும். நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்குமாறும், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லதென்றும் அல்பகரா 280ஆம் ஆயத்தில் கொடுத்தவருக்கு அல்லாஹ் சொல்கிறான். வாங்கியவர் அந்த ஆயத்தைக் காட்டி வாதாடுவது முறையல்ல.

இன்னொரு கடன்காரர் எந்தப் பட்டியலிலும் எழுதப்படாமல் இருக்கிறார். அவர் மனைவி. அடகுக்கடையில் இருக்கும் நகை யாருடையது? மஹராகவோ தாய்வீட்டுச் சீராகவோ வந்தது. அது அவளுடைய தனிச்சொத்து என்பதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. அவள் மனப்பூர்வமாக அன்பளிப்பாகத் தந்தால் சரி. இரவல் தந்தால், அந்த நகையை மீட்டுக் கொடுக்கும்வரை கணவர் அவளுக்குக் கடன்பட்டவர். நோட்டில் அவள் பெயரையும் எழுதுங்கள். சிரிப்பாக இருக்கும், எழுதுங்கள்.

அந்த நகையைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கத்தின் விலை ஏறியிருக்கும் இந்நாளில், சில வருடத்துக்கு முன் அடகு வைத்த நகையின் இன்றைய மதிப்பு கடனைவிடப் பன்மடங்காக இருக்கக்கூடும். அப்படியிருந்தும் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டு அதைப் பெட்டகத்தில் உறங்கவிடுகிறோம். மனைவி சம்மதித்தால், ஒரு பகுதியை விற்று மற்றதை மீட்டு, வட்டியிலிருந்து ஒரே நாளில் வெளியேறலாம். விற்ற அளவு தங்கத்தைப் பின்னர் கணவர் வாங்கித் தருவதாக எழுதிக்கொள்ளலாம். சொத்தை விற்றுக் கடன் தீர்ப்பது கேவலம் என்று நினைப்பவர்கள் ஹளரத் ஜுபைர் பின் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பார்க்கட்டும். சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவர். மக்கள் அவரிடம் அமானிதம் வைக்க வந்தால், அமானிதம் வேண்டாம், தொலைந்தால் உங்களுக்கு நஷ்டம், கடனாகவே தாருங்கள் என்பார். ஹிஜ்ரி 36இல் ஜமல் யுத்தத்தின்போது, தம் மகன் அப்துல்லாஹ்விடம் முதல் வேலையாகக் கடனைத் தீர்க்கச் சொல்லிவிட்டு ஷஹீதானார். மகன் கணக்குப் பார்த்தபோது 22 லட்சம்! ரொக்கம் எதுவுமில்லை, நிலங்கள்தான் இருந்தன. 1,70,000க்கு வாங்கிய காபா என்னும் நிலத்தை 16 லட்சத்துக்குப் பங்கு பங்காக விற்றுக் கடனை அடைத்தார். வாரிசுகள் பாகம் கேட்டபோது உடனே கொடுக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், என் தந்தையிடம் பாக்கி உள்ளவர் வரலாம் என்று அறிவித்து, ஒருவரும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகே பாகம் பிரித்தார். அன்னிஸா சூராவின் பாகப்பிரிவினை ஆயத்துகளில் வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகே பங்கு என்று திரும்பத் திரும்ப வருவதன் செயல் விளக்கம் இது.

வளீஃபா ஓதினால் கடன் தீருமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஓதுங்கள். தன் விடுதலைக்கான தொகையைத் தவணையாகக் கட்ட முடியாமல் திணறிய ஓர் அடிமை வந்து உதவி கேட்டபோது, ஹளரத் அலீ (ரலி) அவர்கள் நபியவர்களிடம் தாம் கற்ற துஆவைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஹராமின் பக்கம் போகவிடாமல் உன் ஹலாலைக்கொண்டே எனக்குப் போதுமாக்கிவிடு, உன்னையன்றிப் பிறரிடம் தேவையற்றவனாக ஆக்கிவிடு என்பது அதன் கருத்து. திர்மிதீயில் இருக்கிறது. துஆவின் முதல் பாதியே, இருப்பது போதும் என்ற மனத்தைக் கேட்பதாக இருப்பதைக் கவனியுங்கள். ஓதிவிட்டு மறுநாள் தவணையில் புதுச் சோபா எடுப்பவர் எதைக் கேட்டார், எதைச் செய்தார்? ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதில் ஷஹீதாகிக் கடன் விட்டுப்போனபோது, நபியவர்கள் துஆ மட்டும் செய்யவில்லை. பேரீச்சம்பழங்களை வகை வகையாகத் தனித்தனிக் குவியலாகப் பிரிக்கச் சொன்னார்கள். பிறகு தாமே வந்து அமர்ந்து, அளந்து கொடுக்கச் சொன்னார்கள். கடன் முழுதும் தீர்ந்தும் பழம் குறையவில்லை. பிரித்து அளந்த இடத்தில்தான் அந்த பரக்கத்து இறங்கியது.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு சொல். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர் என்பதைத் தவ்பா சூராவின் 60ஆம் ஆயத்து சொல்கிறது. ரமலானில் சேலையாகவும் சில்லறையாகவும் பிரித்துவிடுகிற பணத்தில், ஆண்டுக்கு நான்கு குடும்பங்களைத் தேர்ந்து, அவர்கள் அனுமதியுடன் கடன்காரருக்கு நேரே கட்டி, தண்டலிலிருந்து விடுவிக்கலாமே! தேவ்பந்தில் 1961இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்டு, நகையைப் பிணையாக வைத்துக்கொண்டு வட்டியில்லாக் கடன் தருகிறது. நூறு வாடகைக் குடும்பங்கள் தொழும் ஒரு பள்ளிவாசலில், குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டில் 1,20,000 ஆகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் 5,000 ரூபாய்க்காக ஆப் கடனில் விழுந்து, கைப்பேசியில் உள்ள உறவினர் எண்களுக்கெல்லாம் மிரட்டல் போகிற அவமானத்திலிருந்து நம் பிள்ளைகளைக் காக்க இந்தத் தொகை போதும். முத்தவல்லிகள் கூட்டத்தில் மினாராவுக்குப் பெயிண்ட் அடிக்கும் விஷயத்துக்குப் பிறகாவது இதைப் பேசுங்கள்.

நோட்டுப் புத்தகத்தை எங்கே வைப்பது என்று கேட்டால், முஸ்ஹபு வைத்திருக்கும் அலமாரியில், மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரியும்படி வையுங்கள். ஹளரத் உமர் (ரலி) அவர்கள் குத்துப்பட்டுப் படுத்திருந்த நேரத்தில், மகனை அழைத்துத் தம் கடனைக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். 86,000 அளவில் வந்தது. எங்கள் குடும்பச் சொத்தில் கொடு, போதாவிட்டால் எங்கள் கோத்திரத்தாரிடம் கேள், அதுவும் போதாவிட்டால் குறைஷிகளிடம் கேள், அவர்களைத் தாண்டிப் போகாதே என்று யாரிடம் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்பதையும் சொன்னார்கள். உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு வரிசையை எழுதி, தேதியிட்டு, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒவ்வொரு கடன் தீரும்போதும் அதை அடித்துவிட்டு, கொடுத்த தேதியையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.